சுற்றமும் சட்டகமும்: திருமண ஒளிப்பதிவு உத்திகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் திரைப்படத் திறனாய்வு ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. ஆயின், இந்தியக் குடும்பங்கள் தம் பொருட்செலவில் எடுத்துத் தம் இல்லங்களிலேயே பாதுகாத்துவரும் திருமண வீடியோ என்னும் வடிவம் திறனாய்வாளரின் கவனத்தை மிகக் குறைவாகவே பெற்றுள்ளது. அது தொழில்; கலையன்று என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். பிறந்தநாள் வாழ்த்துப் பாக்களையும் மணவாழ்த்து மடல்களையும் இலக்கிய வரலாறு ஒதுக்கிய நிலையோடு இதனை ஒப்பிடலாம்.

இந்திய அளவில் இப்பொருள் முற்றிலும் ஆராயப்படாததன்று. சுத்தபிரத சென்குப்தா தில்லியின் திருமண வீடியோத் தொழிலை முன்வைத்து எழுதிய ஆங்கிலக் கட்டுரை, கிறிஸ்டியான் புரோசியஸ், மெலிசா புட்சர் ஆகியோர் பதிப்பித்த தொகுதியில் 1999இல் வெளிவந்தது. எனினும், காமிராவை எங்கே நிறுத்துவது, எதனை எவ்வளவு நேரம் காட்டுவது, எவ்வொலியை வைத்துக்கொள்வது என்னும் உத்திகளை இலக்கிய மரபோடு பொருத்திப் பார்க்கும் முயற்சிக்கு இன்னும் இடமுண்டு. ஒளிப்பதிவு உத்தி ஒவ்வொன்றும் ‘இது யாருடைய திருமணம்?’ என்னும் வினாவுக்கு விடை கூறுகின்றது என்னும் கருதுகோளை முன்வைத்து இக்கட்டுரை அமைகின்றது.

அகப்பாடல்களில் மணக்காட்சி

தொல்காப்பியக் கற்பியலின் முதல் நூற்பா, மணத்தைக் கரணத்தோடு மட்டும் சேர்த்துக் கூறாமல், கொடுக்கும் உரிமையுடையோர் கொடுக்க, கொள்வோர் கொள்வது என வரையறுக்கின்றது. மணம் என்பதன் வரையறையிலேயே சுற்றத்தார் இடம்பெறுகின்றனர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

அகநானூற்றில் நல்லாவூர் கிழாரின் 86ஆம் பாடலும், விற்றூற்று மூதெயினனாரின் 136ஆம் பாடலும் மணவிழாவை விரிவாகக் காட்டுவன. இரண்டும் மருதத்திணைப் பாடல்கள். இரண்டிலும் பேசுபவன் தலைவன். முன்னதில், வாயில் மறுத்த தோழியிடம் அவன் பேசுகின்றான். பின்னதில், ஊடல் தணியாத நிலையில் தன் நெஞ்சோடு பேசுகின்றான். ஆகவே, மணக்காட்சி நிகழும்போதே வருணிக்கப்படவில்லை; பின்னாளில், உறவு இடர்ப்பட்ட ஒரு வேளையில் நினைவுகூரப்படுகின்றது. திருமண வீடியோவின் பயனும் இதுவே. அது மணநாளுக்காக எடுக்கப்படுவதன்று; மணநாளுக்குப் பிந்தைய நாள்களுக்காக எடுக்கப்படுவது.

86ஆம் பாடலின் காட்சி வரிசை கருதத்தக்கது. உழுந்து கலந்த பொங்கல் விருந்து முதலில் வருகின்றது. புதுமணல் பரப்பிய பந்தலும் விளக்கும் மாலையும் அடுத்து வருகின்றன. விடியற்காலம், குடம் சுமந்த முதுபெண்டிர், மணமகளை நீராட்டும் மகப்பெற்ற மகளிர் நால்வர், ஆரவாரத்தோடு வந்து மகளைக் கொடுக்கும் சுற்றத்தார் என்று சட்டகம் படிப்படியாக நெருங்குகின்றது. இறுதியில்தான் கோடிப் புடவைக்குள் ஒடுங்கிய தலைவியின் முகம் காட்டப்படுகின்றது. அகன்ற காட்சியிலிருந்து அண்மைக் காட்சிக்குச் செல்லும் இப்பயணத்தில் கூட்டம் அழிக்கப்படவில்லை; தலைவியின் நாணத்துக்குப் பொருள் தரும் பின்புலமாகக் கூட்டம் நிற்கின்றது. 136ஆம் பாடலில், மணமகளை நீராட்டிய மகளிர் கண்ணிமையாது அவளைப் பார்த்துவிட்டு விரைந்து மறைகின்றனர். பார்ப்பது எப்போது, விலகுவது எப்போது என்பதை அறிந்த பார்வை அது.

ஒளிநாடாக் காலத்து உத்திகள்

1982ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி அறிமுகமாயிற்று. அதனைத் தொடர்ந்து வீடியோக் கருவிகளும் நகரங்களில் பரவின. வி.எச்.எஸ். நாடாக் காலத் திருமணப் பதிவு பெரும்பாலும் ஒற்றைக் காமிராப் பதிவு. தோளில் காமிராவுடன் ஒருவர், ஆலசன் விளக்கை உயர்த்திப் பிடித்த உதவியாளர் ஒருவர், இருவரையும் பிணைக்கும் மின்கம்பி என்பதே அதன் அமைப்பு. மூன்று மணிநேர நாடாவை நிரப்பவேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் இருந்தது.

இப்பதிவின் குறைகள் வெளிப்படை. விளக்கொளி விழுந்தவுடன் மக்கள் கண்ணைச் சுருக்குவர். உண்பவர் கை இலையிலேயே நின்றுவிடும். படத்தொகுப்பு நிலையமாகிய ‘மிக்ஸிங்’ கூடத்தில் இதய வடிவங்களும் சுழலும் பூக்களும் சேர்க்கப்பட்டன. மண்டபத்து ஒலி நீக்கப்பட்டுத் திரைப்பாடல் இடப்பட்டது.

எனினும், இப்பதிவின் நிறைகளும் அதன் எந்திரத் தன்மையிலிருந்தே பிறந்தன. அக்காலக் காமிராக்களின் ஒளியுணரி மிகச் சிறியது. உணரி சிறியதாயின் குவிய ஆழம் மிகும். அருகிலுள்ள முகமும் பின்னாலுள்ள கூட்டமும் ஒருங்கே தெளிவாக விழும். மணமக்களைக் காட்டியபோதும் அவர்களுக்குப் பின்னால் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொள்ளும் அத்தையும், தவிலுக்கு வார் இறுக்கும் கலைஞரும் பதிவாயினர். பந்தி வரிசையில் காமிராவை மெல்ல நகர்த்தும் காட்சி சலிப்பூட்டுவது என்று பலரால் எள்ளப்பட்டது. ஆயின், அவ்வரிசையில் அமர்ந்திருந்த முதியோர் பலருக்கு அதுவே வாழ்நாளின் ஒரே அசையும் படமாக எஞ்சியது. அவர்கள் மறைந்தபின், குடும்பத்தார் நாடாவைச் சுழற்றித் தேடுவது மணமேடைக் காட்சியையன்று, பந்திக் காட்சியையே.

இன்னொன்றும் கருதத்தக்கது. கைம்பெண்களை மணச்சடங்குகளிலிருந்து விலக்கிவைக்கும் வழக்கம் பல சமூகங்களில் இருந்துவந்துள்ளது. மேடையேற இயலாது தூணோரம் நின்ற அப்பெண்கள், தேர்ந்தெடுப்பின்றித் திரும்பிய காமிராவில் தப்பாது விழுந்தனர். சடங்கு விலக்கியவரைச் சட்டகம் விலக்கவில்லை. அகநானூற்று 86ஆம் பாடலும் நீராட்டும் உரிமையை மகப்பெற்ற மகளிர்க்கே அளிக்கின்றது என்பதனை இதனோடு ஒப்பிட்டால், பாடலின் சட்டகத்துக்கும் எல்லை உண்டு என்பது விளங்கும்.

எண்ணியல் காலத்து உத்திகள்

2008இல் வெளிவந்த கேனான் 5டி மார்க் 2 என்னும் கருவி, 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட உணரியில் உயர்தெளிவு வீடியோவைப் பதிவுசெய்தது. அத்தகைய பெரிய உணரியில், அகன்ற துளையுடைய 50 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் குவிய ஆழம் குறையும். கண்ணிமை தெளிவாகவும், அதற்குப் பின்னாலுள்ளவை யாவும் ஒளிப்புள்ளிகளாகவும் மாறும். குறைந்த ஒளியிலும் பதிய இயல்வதால் கண்கூசும் ஆலசன் விளக்கு விடைபெற்றது. இது பெரும் நன்மை. மக்கள் காமிராவை மறந்து இயல்பாக இயங்கத் தொடங்கினர்.

ஆயின், மங்கலாக்கப்படும் அப்பின்புலமே சுற்றம். நொடிக்கு 50 சட்டகங்களாகப் பதிந்து 25 சட்டகங்களாக ஓட்டும் ஸ்லோ மோஷன், மணமகள் தலைநிமிரும் இரண்டு நொடியை நான்காக நீட்டுகின்றது. மூன்று மணிநேரம் ஐந்து நிமிடச் சுருக்கப் படமாகின்றது. நீட்டிக்கப்படுவது இருவரின் நேரம். சுருக்கப்படுவது ஏனையோரின் நேரம். 1994இல் வெளிவந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ என்னும் இந்தித் திரைப்படம் திருமண வீடியோ போலிருக்கிறது என்று குறைகூறப்பட்டதுண்டு. இன்று திருமண வீடியோ திரைப்படம் போலிருக்கவேண்டும் என்பதே விருப்பமாகிவிட்டது. மணநாளுக்கு முன்பே கடற்கரையிலும் கோட்டைகளிலும் படமாக்கப்படும் காட்சிகள் இவ்விருப்பத்தின் விளைவே எனலாம்.

சுருக்குதல் தன்னளவில் குறையன்று. அகப்பாடலும் சில அடிகளிலேயே மணவிழாவை அடக்குகின்றது. எதனைக் கொண்டு சுருக்குவது என்பதே வேறுபாடு. பாடல் உழுந்தையும் மணலையும் குடத்தையும் கொண்டு சுருக்குகின்றது. சுருக்கப் படமோ இரு முகங்களைக் கொண்டே சுருக்குகின்றது.

தாலிகட்டும் கணம்

உத்திகளின் தரத்தை அறிய உரைகல்லாக அமைவது தாலிகட்டும் கணம். ஒருசில நொடிகளில் முடியும் நிகழ்ச்சி இது. முடிச்சு விழுவது மணமகளின் பிடரியில். அங்கே நாத்தனாரின் கைகளும் சேர்கின்றன. முன்னால் நிற்கும் காமிரா முகங்களைக் காணும், முடிச்சைக் காணாது. மேலும், அவையோரின் பார்வையையும் மறைக்கும். அவையோர் எறியும் அட்சதை ஒளிப்பதிவாளரின் முதுகில் விழுவதும், மணமேடை நிகழ்வை அவையோர் மண்டபத்துத் திரையில் காண நேர்வதும் இதனாலேயே. பதிவு தவறியபோது மணமகனின் கையை மீண்டும் பிடரிக்குக் கொண்டுசெல்லச் சொல்லும் வழக்கமும் உண்டு. மீண்டும் செய்யப்பட்ட அக்கணம் நடிப்பேயன்றிச் சான்றாகாது.

இதற்கு எளிய மாற்றுண்டு. மேடையின் பக்கவாட்டில் உயர்ந்த தாங்கியில் அசையாக் காமிரா ஒன்று மேடையையும் முன்வரிசையையும் சேர்த்துப் பதியலாம். மற்றொன்று மணமகளின் தோளுக்குப் பக்கத்தில் முன்கூட்டியே இடம்பிடித்து, கையையும் முடிச்சையும் காட்டலாம். வேள்விப் புகை எழும்போது ஒளியளவைத் தானியங்கி முறைக்கு விடாது கையால் நிலைப்படுத்துதல் வேண்டும்.

ஒலி இதனினும் முதன்மையானது. கெட்டிமேளம் உயரும்போது காமிராவின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு பதிவளவைக் குறைக்கும். அருகிலுள்ள மனிதக் குரல்கள் அமிழ்ந்துபோகும். தனி ஒலிவாங்கி ஒன்றை மேடையில் வைத்து, அதன் பதிவைப் பின்னர் இணைப்பதே தீர்வு. திரைப்பாடல் எங்கும் கிடைக்கும். மகளைக் கொடுக்கும்போது தழுதழுத்த தந்தையின் குரல் வேறெங்கும் கிடைக்காது.

வங்காளத் திருமணத்தில் மணமகள் வெற்றிலைகளால் முகம் மறைத்து வந்து, பின் அவற்றை விலக்கி மணமகனை நோக்கும் ‘சுபோ திருஷ்டி’ என்னும் சடங்கும் இத்தகையதே. அங்கு அவள் நோக்க வேண்டியவன் மணமகன். குறுக்கே காமிரா நின்றால் அச்சடங்கின் பொருளே திரிந்துவிடும்.

மணமகளின் பார்வை

ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஆறாம் திருமொழி, மணச்சடங்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கனவுக்காட்சிகளாகத் தோழிக்குக் கூறுகின்றது. அங்குக் காண்பவள் மணமகள். திருமண வீடியோவிலோ, பழைய நாடாவிலும் புதிய சுருக்கப் படத்திலும், அவள் காணப்படுபவளாகவே நிற்கின்றாள். மணமகள் அமர்ந்த இடத்திலிருந்து அவை எவ்வாறு தோன்றிற்று என்பதைக் காட்டும் காட்சி அரிது. அவளது தோளுக்குப் பின்னிருந்து, அவள் உயரத்தில், ஒரு நிமிடம் அவையைப் பதிவது தொழில்நுட்ப அளவில் கடினமன்று. பழக்கத்தின் தடையே அதனைத் தடுக்கின்றது.

முடிவுரை

ஒளிநாடாக் காலப் பதிவு தேர்ந்தெடுக்கத் தெரியாதது. எனினும், அதனாலேயே சுற்றத்தைக் காத்தது. எண்ணியல் காலப் பதிவு தேர்ந்தெடுக்கத் தெரிந்தது. எனினும், இருவரைத் தேர்ந்து பலரை மங்கலாக்கியது. தேர்வும் சுற்றமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு அகப்பாடல்கள் சான்றாகின்றன.

அகன்ற காட்சியைத் தெளிவோடு பதிதல், பந்தியை விரைவின்றிக் காட்டுதல், மண்டபத்தின் ஒலியைக் காத்தல், சடங்கை மீண்டும் செய்விக்காமை, மணமகளின் பார்வைக்கு இடமளித்தல் ஆகியன இத்திறனாய்வின் வழிப் பெறப்படும் அளவுகோல்கள். சுருக்கப் படத்தோடு வெட்டப்படாத முழுப்பதிவையும் குடும்பத்தாரிடம் ஒப்படைப்பது இவற்றோடு சேர்க்கத்தக்கது. மணநாளன்று யாருடைய முகம் பின்னாளில் தேடப்படும் என்பதை எவரும் அறியார். அம்முகம் தூணோரத்திலும் இருக்கலாம் என்னும் நினைவோடு காமிராவைத் திருப்புபவரே நல்ல ஒளிப்பதிவாளர் எனலாம்.