நம்பரை அல்ல, வால் எழுத்தைப் பாருங்கள்

பினாங்கின் பிறை, பட்டர்வொர்த் பட்டறைகளில் உறுதி மிகுந்த எஃகுத் தகடு வந்து இறங்கினால் பற்றவைப்புக் குச்சியைப் பற்றி முதலில் எழும் கேள்வி, "எந்த நம்பர் ராடு?" என்பதுதான். 7018 என்றால் சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசை, 11018 என்றால் 1,10,000. தகட்டுக்கு ஈடான நம்பரை எடுத்தால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை பாதிதான் சரி.

இவ்வகை எஃகில் விரிசலுக்குப் பெரும்பாலும் காரணம் ஹைட்ரஜன். ராடின் பூச்சு உறிஞ்சிய ஈரம் ஆர்க் சூட்டில் பிரிந்து உருகிய உலோகத்தில் கரைகிறது. ஆறியபின், கெட்டிப்பட்ட தகட்டுப் பகுதிக்குள் ஊர்ந்து, சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து விரிசல் காட்டுகிறது. அதனால்தான் அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதி, உறுதி மிகுந்த ஏ514 தகட்டின் பற்றவைப்பை 48 மணி நேரம் கழித்தே சோதிக்கச் சொல்கிறது. விரிசல் கவனிக்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று மெல்போர்னின் கிங் தெருப் பாலம்: அது 1961இல் திறக்கப்பட்டு, மறு ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஒரு கனரக லோரி ஏறியபோது உடைந்தது. எஃகின் தரமும் அன்றைய குளிரும் அதற்குத் துணை போயின. ஆனால் பற்றவைப்பு விரிசல்கள் அதற்கு முன்பே அங்கே இருந்தன.

பினாங்கில் ராடு வாங்குபவர் பார்க்க வேண்டியது நம்பருக்குப் பின்னால் வரும் எச்4ஆர். எச்4 என்றால் 100 கிராம் உலோகத்தில் 4 மில்லிலிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் இல்லை. ஆர் என்றால் 27 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதத்தில் 9 மணி நேரம் வைத்துச் சோதித்தது. அந்தச் சோதனை அறையின் நிலை இங்கே தினசரி வானிலை! திறந்துவைக்கும் கெடு டி1.1 விதிப்படி சாதாரண 7018க்கு 4 மணி நேரம், ஆர் பெற்றதற்கு 9. சாதாரண 11018க்கோ அரை மணிதான், ஒரு தே தாரிக் குடித்து வருவதற்குள் போய்விடும். நம்பர் ஏற ஏறக் கெடு இறங்குகிறது.

எல்லா இணைப்புக்கும் உயர்ந்த நம்பர் தேவையும் இல்லை. இழுவிசை முழுவதையும் தாங்கும் பட் இணைப்பில் ஈடான ராடு கட்டாயம். ஃபில்லட் தையலில் பொறியாளர் கணக்கிட்டு அளவைக் கூட்டினால் 7018 போதும். மென்மையான உலோகம் சுருக்கத்தின் இழுப்பையும் நன்றாகத் தாங்கும். குரோமியம், மாலிப்டினம் கலந்த கொதிகலன் குழாயில் வலிமைக்கு முன் கலவை பொருந்த வேண்டும். 1¼ குரோமியம், ½ மாலிப்டினம் குழாய்க்கு 8018-பி2.

குழாய்ப்பாதை அனுபவசாலிகள் செல்லுலோஸ் ராடைக் காட்டி, "ஹைட்ரஜன் நிறைந்ததுதானே, அங்கே ஓடுகிறதே" என்பார்கள். அங்கே மெல்லிய சுவர், முன்சூடு, உடனுக்குடன் இரண்டாம் ஓட்டம் என்ற மூன்றும் காப்பாற்றுகின்றன. பட்டறையின் தடித்த தகட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆகவே என் தீர்ப்பு: முதலில் எச்4ஆர், அடுத்துக் கலவை, கடைசியில்தான் நம்பர். சிறு பட்டறைக்குப் பெரிய பெட்டியைவிடச் சிறிய வெற்றிடப் பொட்டலமே மேல். பொட்டலம் பிரித்தபின் ராடுகளை 120 டிகிரிக்குக் குறையாத ஓவனில் வைக்க வேண்டும். ஓவன் இல்லாத பட்டறை 11018 கேட்கும் வேலையை ஏற்கவே கூடாது.