தொலைந்த ஏட்டைக் காட்டாத எண்

புறநானூற்றில் 266ஆம் பாடலை அடுத்து 269ஆம் பாடல்தான் வரும். நடுவில் இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் 1894இல் அச்சுக்குக் கொண்டுவந்த நூல் அது. பின்னவற்றை முன்னுக்கு இழுத்து எண்களை ஒழுங்குபடுத்தாமல் விட்டதால்தான், நானூற்றில் இரண்டு குறைவதை இன்றைய வாசகரும் அறிகிறார். சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூலகம் காக்கும் ஓலைச்சுவடிகளுக்கும் இது பொருந்தும். ஏட்டின் இடப்பக்க ஓரத்தில் எழுதியவரே எண் இடுவது வழக்கம். பிறகு ஓர் ஏடு செல்லரித்துப் போனாலும், 41ஐ அடுத்து 43 நிற்பதே இழப்புக்குச் சாட்சி.

தானாகப் பக்க எண் இடும் மென்பொருளை எடைபோட இந்தச் சாட்சியைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

அந்த மென்பொருளின் பயன் பெரியது. மயிலாப்பூரிலோ தி.நகரிலோ உள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மனுவோடு தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பை ‘டைப்டு செட்’ என்பார்கள். கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, நோட்டீஸ் என ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண்ணோடு வந்து சேரும். எல்லாவற்றுக்கும் ஒரே தொடர் எண் இருந்தால்தான் நீதிபதியும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஒரே தாளைப் பார்த்தபடி பேச முடியும். முன்பு இதை நம்பரிங் மெஷினால் குத்தினார்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஓர் எண் கூடும் அந்தக் கருவிக்கு எட்வின் பேட்ஸ் என்ற அமெரிக்கர் 1890களில் காப்புரிமை பெற்றார். மென்பொருளிலும் ‘பேட்ஸ் எண்’ என்ற பெயர் நிலைத்தது அதனால்தான். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டால் அந்த மெஷினின் வரிசை கெடும். குமாஸ்தா அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இன்று முந்நூறு பக்கத் தொகுப்புக்கு நொடிகளில் எண் விழுகிறது. இதை வேண்டாம் என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

ஆனால் மென்பொருள் தன்னிடம் வந்ததை மட்டுமே எண்ணும். ஸ்கேன் செய்யும்போது பத்திரத்தின் பின்பக்கம் விடுபட்டிருந்தாலும் 112, 113 என்று பிசகில்லாமல் எண் விழும். குறையுள்ள தொகுப்பு முழுமையானதாகத் தோன்றும். இதுதான் இந்த முறையின் முதன்மையான கேடு என்பேன். கையால் எண் இட்டவர் ஒவ்வொரு தாளையும் புரட்டியாக வேண்டியிருந்தது. தலைகீழாக இருப்பதும், மங்கலாக இருப்பதும், இல்லாததும் அப்போது கண்ணில் பட்டன. எண் இடும் வேலைக்குள் சரிபார்ப்பும் அடங்கியிருந்தது. மென்பொருள் முதலாவதை எடுத்துக்கொண்டது. இரண்டாவது யார் பொறுப்பு என்பது பல அலுவலகங்களில் முடிவாகவே இல்லை.

இடைச்செருகலும் ஒரு சிக்கல். கடைசி நேரத்தில் ஒரு கடிதம் சேர்ந்தால் பழைய வழக்கப்படி 47அ என்று நுழைப்பார்கள். பின்னால் உள்ளவை அசையாது. மென்பொருளில் புதிதாக எண் இட்டால் 48 முதல் எல்லாம் நகரும். பிரமாண வாக்குமூலத்தில் ‘பக்கம் 60’ என்று தட்டச்சு செய்தது மட்டும் அப்படியே நிற்கும்.

பழைய நூல்களில் சேதம் இன்னும் ஆழமானது. கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தால் அரிய பதிப்புகள்கூட வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன. பழைய பதிப்புகள் பலவற்றில் முகவுரைக்குத் தனி எண் வரிசை, நூலுக்குத் தனி வரிசை. சிலவற்றில் தமிழ் எண்கள். அவற்றுள்ளும் சிலவற்றில் 15 என்பது பத்துக்குரிய குறியோடு ௰௫ என்றிருக்கும், இடமதிப்பு முறையில் அதுவே ௧௫. இப்படிப்பட்ட நூலின் படத்தின் மீது 1 முதல் புது எண்ணை அச்சடித்தால், ஒரே பக்கத்துக்கு இரண்டு முகவரிகள் ஆகிவிடும். நடுவில் கிழிந்துபோன தாளும் கணக்கிலிருந்து மறையும். அந்தக் கோப்பை நம்பி எழுதிய அடிக்குறிப்பைக் கொண்டு, அச்சு நூலை வைத்திருப்பவர் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கான வழி பி.டி.எஃப். வடிவத்திலேயே இருக்கிறது. ‘பேஜ் லேபிள்’ என்ற வசதி, பக்கத்தின் படத்தைத் தொடாமல், நூலில் உள்ள எண்ணையே அந்தப் பக்கத்தின் பெயராக வைக்கும். முகவுரைக்கு ஒரு வரிசை, நூலுக்கு வேறு வரிசை தரலாம். தாள் இல்லாத இடத்தில் எண்ணைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் எங்கே தாண்ட வேண்டும் என்று சொல்ல, நூலைப் புரட்டிப் பார்த்த ஒருவர் வேண்டும். நேரம் பிடிக்கும் என்பதாலேயே இது பெரும்பாலும் நடப்பதில்லை.

புதிதாக எழுதும் ஆவணத்துக்கு மென்பொருளே எண் இடட்டும். வழக்குத் தொகுப்புக்கு, ஒருவர் தாள்களைச் சரிபார்த்து முடித்த பிறகு இடட்டும். பழைய நூலின் படத்தின் மேல் புது எண் அச்சடிப்பதை அடியோடு கைவிட வேண்டும். ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மேற்கோள் தரும்போது நூலில் அச்சாகியுள்ள எண்ணையே குறிப்பிடுங்கள், கோப்பின் எண்ணைத் தர நேர்ந்தால், அது கோப்பின் எண் என்று சேர்த்தே எழுதுங்கள்.