நிலையாமையும் வெளியேற்றமும்

யப்பானியக் கோயிற் கட்டடக்கலை பற்றி நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளில் ஒரு சொல் தவறாது வந்துவிடுகிறது: நிலையாமை. மரக்கட்டடம் உக்கும், உக்குவதை யப்பானியர் ஏற்கின்றனர், அதுவே அவர்தம் அழகியல் என்பது வாதம். சான்றாக ஈசே ஆலயம் காட்டப்படும். அங்கு 20 ஆண்டுகளுக்கொருமுறை, பழைய கட்டடத்தின் அருகே ஒதுக்கப்பட்ட நிலத்தில் அதே அமைப்பில் புதியது எழுப்பப்படுகிறது. கடைசியாக 2013இல் இது நிகழ்ந்தது.

இவ்வாதத்தில் அரைவாசி உண்மையே உண்டு. ஈசேயில் பிரிப்பவர்களே கட்டுகிறார்கள். நிலமும் மரமும் அவர்களிடம் இருக்கின்றன. மூத்த தச்சனிடம் இளையவன் பழக 20 ஆண்டு இடைவெளி இடம் தருகிறது. விரிவுரை மண்டபத்திலும் பின்னர் தொழிற்சாலையிலும் நின்றவன் என்ற வகையில் சொல்கிறேன்: கைவேலையறிவு ஆளிலிருந்து ஆளுக்கே போகும். 15ஆம், 16ஆம் நூற்றாண்டுப் போர்க்காலத்தில் இப்புதுப்பித்தல் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டது. ஆக, ஈசே காட்டுவது ஒரு சமூகம் தன் தொடர்ச்சிக்கென்று செய்துகொண்ட ஏற்பாட்டை. அதற்குச் சமாதானமும் நிலமும் வேண்டும்.

இவை பறிக்கப்பட்டால் என்னவாகும் என்று அறிய யப்பான்வரை போகவேண்டியதில்லை. சான்பிரான்சிஸ்கோ கோல்டன் கேற் பூங்காவிலுள்ள யப்பானியத் தேநீர்த் தோட்டம் போதும். 1894ஆம் ஆண்டுக் கண்காட்சியில் தொடங்கிய அதனை மக்கோத்தோ ஹகிவாரா வளர்த்தெடுத்தார். 1925இல் அவர் இறந்தபின் குடும்பத்தினர் அங்கேயே குடியிருந்து பராமரித்தனர். 1942இல், மேற்குக் கரையின் ஏறத்தாழ 1,20,000 யப்பானிய வம்சாவளியினருடன் அவர்களும் வெளியேற்றப்பட்டு முகாமில் அடைக்கப்பட்டனர். வீடு இடிக்கப்பட்டது. தோட்டத்திலிருந்த ஷிந்தோ சந்நிதி அகற்றப்பட்டது. பெயரும் ‘கீழைத்தேயத் தேநீர்த் தோட்டம்’ ஆயிற்று. 1952இல் பழைய பெயர் மீண்டது. குடும்பம் தன் வீட்டுக்கு மீளவில்லை.

இன்று அங்கு செல்வோர் படமெடுப்பது சிவந்த ஐந்தடுக்குப் பகோடாவை. அது 1915ஆம் ஆண்டு பனாமா-பசிபிக் கண்காட்சியிலிருந்து வந்தது. நானும் அதன்முன் நெடுநேரம் நின்றிருக்கிறேன். மேலே செல்லச் செல்லச் சிறுக்கும் அதன் கூரைகள் கண்ணை இழுக்கவே செய்கின்றன. எனினும் காட்சிக்கெனக் கட்டியது எஞ்ச, சந்நிதி மறைந்ததை எவ்வாறு விளங்கிக்கொள்வது? 1953இல் யப்பானியச் சிறுவர்களின் சிறு நன்கொடைகளால் வந்த சமாதான விளக்கும் அங்கு உண்டு. அரசுகள் சமாதானமாகிவிட்டன, தோட்டத்தை ஆக்கியவரின் குடும்பத்துக்கு அங்கு இடமில்லை. இதை நிலையாமைத் தத்துவத்தால் விளக்குவது வெளியேற்றியவனுக்கு வசதியானது.

நமக்கு இது புதிதன்று. 1990இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலைச் சூழ்ந்த ஊர்ச்சனங்கள் இடம்பெயர, அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதனை எவரும் ‘காலத்தின் கோலம்’ என்று எழுதினால் நாம் பொறுப்போமா? அதே கோயில் வாசலில் 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் தடுக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அந்த வாசலை மூடியது இராணுவம் அன்று, நம்மவரே.

ஒரு கோயிலின் கூரை வளைவை விமர்சகர் தாராளமாக வியக்கட்டும். யார் கட்டினர், யார் நுழைந்தனர், யார் துரத்தப்பட்டனர் என்றும் கேட்கட்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் நாம் எழுப்பும் கோபுரங்களிடமும் இக்கேள்விகள் கேட்கப்படவேண்டும்.