மிருகத்தின் எண்ணும் வணிகரின் பட்டியலும்

விவிலியத்தின் இறுதி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகம், வலுசர்ப்பம், மகா பாபிலோன் முதலிய குறியீட்டுருவங்கள் பெரும்பாலும் இருவகையாக நோக்கப்பட்டு வந்துள்ளன. எதிர்கால நிகழ்ச்சிகளின் முன்னறிவிப்பாகக் கொள்வது ஒன்று. மூடநம்பிக்கையெனத் தள்ளிவிடுவது மற்றொன்று. குறியீட்டை அது தோன்றிய சமூகத்தினின்று பிரித்து நோக்குவதே இவ்விரண்டிற்கும் பொதுவான குறைபாடாகும்.

இத்துறையில் மார்க்சியர்க்கு வழிகாட்டியவர் பிரெடெரிக் ஏங்கெல்ஸ். 1883இலும் 1894இலும் எழுதிய கட்டுரைகளில், பேர்லின் அறிஞர் பெனாரியின் விளக்கத்தைத் தழுவி, 666 என்ற எண் ரோமப் பேரரசன் நீரோவையே சுட்டுகின்றதென அவர் காட்டினார். எபிரேய எழுத்துகள் எண்களாகவும் வழங்கின. 'நேரோன் கேசர்' என்பதன் எழுத்துப் பெறுமானங்களாகிய 50, 200, 6, 50, 100, 60, 200 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 666. இலத்தீன் வழக்கிற்கேற்ப இறுதி மெய்யை நீக்கினால் 616. சில பழஞ்சுவடிகளிற் காணப்படுவதும் அவ்வெண்ணே. 68இல் நீரோ தற்கொலை செய்தபின் அவன் மீண்டு வருவான் என்ற வதந்தி பரவியது. மிருகத்தின் தலையொன்று சாவுக்காயமுற்று ஆறியதென்ற வருணனை இப்பின்னணியில் தெளிவாகின்றது. நூல் 68-69இல் எழுந்ததென்ற ஏங்கெல்சின் முடிபை இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்பதில்லை. டொமீஷியன் ஆட்சியின் இறுதியில், 95ஆம் ஆண்டளவில் எழுந்ததென்பர். எனினும் நீரோ பற்றிய விளக்கம் இதனால் வலுவிழக்கவில்லை.

ஆயின், எண்ணின் புதிரை அவிழ்ப்பதோடு விளக்கம் முற்றுப்பெறுவதில்லை என்பதே எமது கருத்து. தனியொரு கொடுங்கோலனின் பெயரன்று, ஒரு பொருளாதார அமைப்பே இந்நூலின் இலக்கு. ஆறாம் அதிகாரத்திற் கருங்குதிரை வீரன் தோன்றும்போது ஒலிக்கும் குரல் விலைவாசியைக் கூறுகின்றது: ஒருவரின் ஒருநாள் உணவிற்கான கோதுமைக்கு ஒருநாட் கூலி முழுவதும் ஈடாகின்றது, எண்ணெய்க்கும் திராட்சரசத்திற்கும் சேதமில்லை. பதினெட்டாம் அதிகாரத்திற் பாபிலோன் வீழ்கையில் அழுவோர் அரசர், வணிகர், கப்பலோட்டிகள் ஆகிய மூவகையினரே. வணிகர் இழந்த சரக்குகளின் பட்டியல் பொன்னில் தொடங்கி மனித உடல்களிலும் உயிர்களிலும் முடிகின்றது. அடிமைச் சமுதாயத்தின் சாரத்தை இத்துணைச் சுருக்கமாக உணர்த்தும் பகுதிகள் பண்டை இலக்கியத்தில் அரியவை.

குறியீட்டின் வர்க்கச்சார்பு அதைக் கையாள்வோரைப் பொறுத்து மாறுகின்றது. 1522 செப்டெம்பரில் வெளிவந்த லூதரின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பிலுள்ள மரச்செதுக்குப் படத்தில் பாபிலோன் வேசி பாப்பரசரின் மும்முடியை அணிந்திருந்தாள். அவ்வாண்டு டிசெம்பர்ப் பதிப்பில் அது சாதாரண முடியாகக் குறைக்கப்பட்டது. 1525இல் குடியானவர் கிளர்ந்தெழுந்தபோது அவர்களை ஒடுக்குமாறு பிரபுக்களைத் தூண்டியவரும் அதே லூதரே. 1970இல் அமெரிக்கரான ஹால் லின்ட்சே வெளியிட்ட நூல் பத்துக் கொம்புகளை ஐரோப்பியப் பொதுச்சந்தையாகவும், எசேக்கியேல் கூறும் கோகு என்பவனைச் சோவியத் ருஷியாவாகவும் கண்டது. அச்சந்தையின் அங்கத்துவ நாடுகள் 1981இல் பத்தாகி, 1986இற் பன்னிரண்டாயின; சோவியத் ஒன்றியம் 1991இற் கலைந்தது. இங்கு கணிப்புப் பொய்த்தது பெரிதன்று. பேரரசின் அடியில் நசுங்கியோரின் சினம், புதியதொரு வல்லரசின் கெடுபிடிப்போர்க் கருவியானதே பெரிது.

மூலநூலின் வரம்பையும் நாம் மறைத்தலாகாது. பேரரசின் கொடுமைக்குப் பெண்ணுடலே உருவகமாக்கப்படுகின்றது. பாபிலோனை வீழ்த்துவது மக்கள் எழுச்சியன்று, வானத்தின் தீர்ப்பு. வேசி அணிந்த பொன்னும் முத்தும் மணிகளுமே புதிய எருசலேமின் வீதியாகவும் வாயில்களாகவும் மதிலின் அடித்தளங்களாகவும் மீள்கின்றன. ஒடுக்கப்பட்டோரின் விடுதலைக் கனவும் ஆள்வோரின் செல்வத்தையே அணிந்துகொள்கின்றது. உற்பத்தி உறவுகளை மாற்றும் ஆற்றல் தம்மிடமுண்டெனக் காண இயலாத காலத்தின் கனவு அது. அதைக் குறைகூறி ஒதுக்குவதனினும், அது எவர் துயரைப் பேசிற்று, பின்னர் எவர் கைப்பட்டது என்பவற்றை நிறுவுதலே திறனாய்வின் கடமையாகும்.