பட்டியலும் வாசலும்: கேரளக் கல்வி மசோதாவை முன்வைத்து

மலையாள இலக்கிய விமர்சகரான ஜோசப் முண்டசேரியை முற்போக்கு எழுத்தாளர் பலர் ஒரு காலத்தில் ஐயத்தோடு நோக்கினர். உள்ளடக்கம் மாத்திரம் உயர்ந்திருந்தாற் போதாது, உருவச் செம்மையும் வேண்டும் என அவர் வாதாடியமையே காரணம். அதே முண்டசேரி 1957 ஏப்ரலில் இ. எம். எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையிற் கல்வியமைச்சரானார். அவர் கொண்டுவந்த கல்வி மசோதாவின் கதையை நோக்குமிடத்து, உருவம் பற்றிய வினா அரசியலிலும் அவரை விட்டபாடில்லை.

சமஷ்டி பற்றி நம்மிடையே நிகழும் விவாதங்கள் பெரும்பாலும் பட்டியல்களோடு நின்றுவிடுகின்றன. எந்த விடயம் மத்திக்கு, எந்த விடயம் மாநிலத்துக்கு என எண்ணிப் பார்க்கிறோம்; எண்ணிக்கை கூடினால் மகிழ்கிறோம், குறைந்தாற் சினக்கிறோம். 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை மத்திய அரசுக்கு 97 விடயங்களையும், மாநிலங்களுக்கு 66 விடயங்களையும், இரண்டுக்கும் பொதுவாக 47 விடயங்களையும் வகுத்தது. கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. நிலமும் பொலிசும் அங்கேயே இருந்தன. இதனை மாத்திரம் படிப்பவர், பாடசாலைகளைப் பற்றிச் சட்டம் இயற்றக் கேரளச் சட்டசபை எவரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை என்றே கொள்வர்.

மசோதா கோரியது என்ன? உதவி பெறும் தனியார் பாடசாலைகளின் ஆசிரியர்க்கு அரசே நேரடியாகச் சம்பளம் வழங்கும். பொதுச் சேவை ஆணைக்குழு தெரிந்தெடுத்தவர்களிலிருந்தே ஆசிரியர் நியமிக்கப்படல் வேண்டும். மனேஜரின் வாசற்படியில் நின்று வேலை பெற்ற கதைகளை நம் மூத்த ஆசிரியர்களிடம் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. 1957 செப்டெம்பரிற் சட்டசபை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரோ இசைவளிக்காது, 200ஆம் உறுப்புரையின்படி அதனைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கினார். குடியரசுத் தலைவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆகவே, பட்டியலில் இடமில்லாத மத்திய அமைச்சரவை வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. மசோதா உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டது.

இதனைச் சூழ்ச்சி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் கட்டுரைகளோடு நாம் உடன்பட மாட்டோம். 1958 மே மாதத்தில் வெளியான கருத்து நிதானமாகப் படிக்கத்தக்கது. ஆசிரியரின் குறைந்த ஊதியத்தையும் பாதுகாப்பின்மையையும் கருத்திற்கொண்டு நியமனம் பற்றிய வாசகங்களை நீதிமன்றம் அனுமதித்தது. பாடசாலைகளைக் கையேற்கும் வாசகங்களே சிறுபான்மையோரின் உரிமையோடு முரண்படுவனவாகக் கண்டது. சிறுபான்மையோர் தம் பாடசாலையை நடத்தும் உரிமை பிற்போக்காளரின் கற்பனையன்று. 1960இல் இலங்கையின் ஒற்றையாட்சிப் பாராளுமன்றம் உதவி பெறும் பாடசாலைகளைக் கையேற்ற வரலாற்றை அறிந்த நாம் அதனை இலேசாகப் பேசுதல் தகாது. மாநிலமும் தன் எல்லைக்குள் ஒரு மத்தியே.

திருத்தப்பட்ட மசோதா 1959இன் தொடக்கத்தில் இசைவு பெற்றது. ஆயின், கதை அத்தோடு முடியவில்லை. மத, சாதி அமைப்புகளும் காங்கிரசும் திரண்டு நடத்திய 'விடுதலைப் போராட்டம்' தெருக்களை நிறைத்தது. சட்டசபையிற் பெரும்பான்மை குன்றாத அமைச்சரவையை, 356ஆம் உறுப்புரையின் துணைகொண்டு, 1959 ஜூலை 31இல் மத்திய அரசு பதவிநீக்கியது. ஜூனில் நிறைவேறிய நில உறவு மசோதா அப்பொழுதும் குடியரசுத் தலைவரின் இசைவுக்குக் காத்திருந்தது. நிலவுடைமையாளருக்கு வேண்டியிருந்த தாமதத்தைச் சட்டத்தின் உருவமே வழங்கிற்று. வர்க்க நலனை மாத்திரம் கண்டு இவ்வுருவத்தைக் காணாதவரும், உருவத்தை மாத்திரம் கண்டு நலனைக் காணாத சட்ட நிபுணரும் இந்நிகழ்ச்சியின் பாதியையே படித்தவராவர்.

பின்னர் பட்டியலும் மாறியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இன் 42ஆம் திருத்தம் கல்வியையும் காடுகளையும் வேறு மூன்று விடயங்களையும் மாநிலங்களிடமிருந்து பொதுப் பட்டியலுக்கு நகர்த்தியது. பொதுப் பட்டியலில் முரண் நேரின் மத்திய சட்டமே மேலோங்கும்; குடியரசுத் தலைவர் இசைந்தாலன்றி மாநிலச் சட்டம் நிலைக்காது. மருத்துவக் கல்விக்கான நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரித் தமிழ்நாடு 2017இல் நிறைவேற்றிய மசோதாக்கள் அந்த இசைவைப் பெறவில்லை. 1994இல் பொம்மை வழக்கின் தீர்ப்பு 356இன் வாசலை ஓரளவு ஒடுக்கியது உண்மை. ஆனால், இசைவுக்குக் காத்திருக்கும் மசோதாக்களுக்குக் கால எல்லை விதிக்கத் தன்னால் இயலாதென 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது.

இங்கேயும், 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தைப் பற்றி நம் மாணவர் எழுதும் கட்டுரைகள் மாகாண சபைப் பட்டியலை ஒன்றுவிடாது ஒப்புவிக்கின்றன. அடுத்துள்ள ஒதுக்கப்பட்ட பட்டியலின் முதல் விடயமோ எல்லாத் துறைகள் மீதுமான தேசியக் கொள்கை. அந்த ஒரு வரியை எடுத்துக்காட்டிய கட்டுரையொன்றை நாம் இன்னும் திருத்தக் கண்டதில்லை.