கிளாஸ்கோ ரசிகர்களுக்கு வாய்ப்பூட்டு போடுவது யார்?

2019 ஆகஸ்ட் 29. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானம். 90 நிமிடங்கள் கடந்து, கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது ரேஞ்சர்ஸ் வீரர் மொரேலோஸ் தலையால் முட்டிய பந்து, போலந்தின் லெகியா வார்சாவை வெளியேற்றி ரேஞ்சர்ஸை யூரோப்பா லீகுக்குள் சேர்த்தது. ஆனால், எழுந்து குதிக்க ஒரு பகுதியில் ஆளே இல்லை. முந்தைய சுற்று ஒன்றில் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் கத்தோலிக்கர்களை இழித்துப் பாடியதற்காக 3,000 இருக்கைகளை மூடச் சொல்லியிருந்தது ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ. இதற்கிடையே லெகியாவுடனான முதல் ஆட்டத்துக்காக வார்சாவுக்குப் போன ரசிகர்கள் அங்கும் அதையே பாடிவைக்க, அடுத்து வந்த ஃபெயனூர்ட் ஆட்டத்துக்கும் இருக்கைகள் மூடப்பட்டன.

இதே பாட்டை ஸ்காட்லாந்து லீகில் பாடினால் கிளப்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. யூஇஎஃப்ஏ விதிப்படி, ரசிகர் பாடினால் கிளப் பொறுப்பு. எவ்வளவு முயன்றோம் என்ற விளக்கமெல்லாம் எடுபடாது. உள்ளூர் விதியிலோ, இயன்றவரை தடுக்கப் பார்த்தோம் என்று காட்டினாலே தப்பித்துவிடலாம். என் பார்வையில் சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ரேஞ்சர்ஸுக்கும் அதே நகரத்தின் செல்டிக்குக்கும் இடையிலான பகை பழையது. ஏழை ஐரிஷ் கத்தோலிக்கக் குடியேறிகளுக்குச் சோறு போட நிதி திரட்டுவதற்காக 1887-ல் தொடங்கப்பட்டது செல்டிக். புராட்டஸ்டன்ட் அடையாளத்தோடு வளர்ந்த ரேஞ்சர்ஸ், 1989-ல்தான் மோ ஜான்ஸ்டன் என்ற கத்தோலிக்க நட்சத்திரத்தை வெளிப்படையாக வாங்கியது. அதற்கே சில ரசிகர்கள் கழுத்துத் துண்டுகளைக் கொளுத்தினார்கள். செல்டிக் தரப்பும் சுத்தமில்லை. ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐஆர்ஏவின் புகழ் பாடும் பாட்டுகளுக்காக 2011-ல் அவர்களும் யூஇஎஃப்ஏவிடம் அபராதம் கட்டினார்கள். அது மதமல்ல, அரசியல் என்பது அவர்கள் வாதம். ஐஆர்ஏ தாக்குதல்களில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு ஆறுதல் தரும் என்று தெரியவில்லை.

அரசும் கையை வைத்துப் பார்த்தது. 2011 மார்ச்சில் நடந்த ஸ்காட்டிஷ் கோப்பை ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் வீரர்கள் மூவருக்குச் சிவப்பு அட்டை. ஆட்டம் முடிந்ததும் செல்டிக் பயிற்சியாளர் லெனனும் ரேஞ்சர்ஸின் துணைப் பயிற்சியாளர் மெக்காய்ஸ்டும் மைதான ஓரத்தில் முட்டிக்கொண்டார்கள். அந்தச் சூட்டில் பிறந்ததுதான் 2012 சட்டம்: புண்படுத்தும் கோஷத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை. பத்தாயிரம் பேர் சேர்ந்து பாடும்போது யாரைப் பிடிப்பது? கேமராவில் முகம் தெளிவாக விழுந்த இளைஞன்தான் நீதிமன்றப் படியேறுவான். ஏற்கெனவே இருந்த சட்டங்களே போதும் என்றார்கள் எதிர்த்தவர்கள். 2018 மார்ச்சில் 62-60 என்ற வாக்குகளில் அது ரத்தானது. போனதில் எனக்கு வருத்தமில்லை.

யூஇஎஃப்ஏவுடையதுபோல் கிளப்பின் கல்லாவைத் தொடும் விதிதான் மிச்சமிருக்கும் வழி. ஐப்ராக்ஸில் இரண்டாவது முறையும் இருக்கைகள் மூடப்பட்டதைக் காட்டி, அதுவும் பலிக்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், ஐரோப்பிய ஆட்டங்கள் ஆண்டுக்குச் சில. வாராவாரம் உள்ளூரில் தடையில்லாமல் பாடிப் பழகிய வாய், யூரோப்பா லீக் நடக்கும் ஒரு வியாழக்கிழமைக்காக மட்டும் எப்படி மூடும்?

அந்த விதியை ஸ்காட்லாந்துக்கும் கொண்டுவரும் யோசனையை 2013-ல் கிளப்புகளே வாக்களித்துத் தோற்கடித்தன. தங்களுக்குத் தாங்களே அபராதம் போட யார் கை தூக்குவார்கள்! ஆனால், கேலரியைக் கட்டுப்படுத்த முடியாது என்று மட்டும் இவர்கள் சொல்லக் கூடாது. 2018-ல் சீசன் டிக்கெட்டைக் கூடுதலாக விற்க வேண்டும் என்றதும், ஐப்ராக்ஸில் செல்டிக் ரசிகர்களுக்கு இருந்த சுமார் 7,000 இருக்கைகளை ஒரே கோடையில் 800 ஆகக் குறைத்தது ரேஞ்சர்ஸ். செல்டிக்கும் பதிலுக்கு அதையே செய்தது.