வேதாளத்தின் கேள்வியும் நமது கேள்வியும்

குழந்தை ஒரு கதையைப் படித்து முடித்ததும் நாம் கேட்கும் முதற்கேள்வி யாது? "இக்கதையால் அறியும் நீதி என்ன?" என்பதே. அக்கணமே கதை பாடமாகிவிடுகிறது; உரையாடல் தேர்வாகிவிடுகிறது. விடையைக் கையில் மறைத்து வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி அது. ஆனால், கேள்வியையே உயிர்நாடியாகக் கொண்ட கதைகளும் நம்மிடையே உண்டு. விக்கிரமாதித்தனுக்கு வேதாளம் சொன்ன கதைகளே அவை.

11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் வேதாளக் கதைகள் இடம்பெற்றுள்ளன. அந்த அமைப்பிலேயே புதுப்புதுக் கதைகளைப் புனைந்து வீடுதோறும் சேர்த்த பெருமை, 1947 ஜூலையில் தோன்றிய அம்புலிமாமாவுக்கு உரியது. தோளில் பிணமும் கையில் வாளுமாக மன்னன் நடந்துவரும் ஓவியர் சங்கரின் சித்திரத்தை மறந்தவர் நம்மில் எவர்? அவ்விதழ் இன்று வெளிவருவதில்லை. ஆயினும், கோவண்டியில் வளர்ந்த நமக்கு அது வெறும் இதழன்று. நம் கையில் அம்புலிமாமா; மராத்தித் தோழன் கையில் அதன் மராத்திப் பதிப்பான சாந்தோபா. அரசன் கூறிய விடை சரியா, தவறா என்று பள்ளி இடைவேளையில் இருவரும் வழக்காடியதுண்டு. கதையை நமக்குச் சொந்தமாக்கியது அந்த வழக்கே.

இன்று நம் பத்து வயது மகள் தமிழை எழுத்துக்கூட்டியே படிக்கிறாள். ஆகவே நாமே வாசித்துக் காட்டுகிறோம். ஒருநாள் மந்தாரவதியின் கதை வந்தது. அவள் இறந்தபின், அவளை விரும்பிய மூவரில் ஒருவன் அவளது சாம்பலின்மேல் படுத்துக் கிடக்கிறான். ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டு செல்கிறான். ஒருவன் மந்திரம் கற்று வந்து அவளை உயிர்ப்பிக்கிறான். அவள் யாருக்கு உரியவள்? உயிர் தந்தவன் தந்தை, எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகன், சாம்பலைப் பிரியாதவனே கணவன் என்பது மன்னன் தீர்ப்பு.

"அவளை யாருமே கேட்கலையே, அப்பா?" என்றாள் மகள்.

"கதையைக் கதையாகக் கேள்" என்று அடக்கிவிட்டோம். அதன்பின் பல நாள் அவள் புத்தகத்தோடு நம்மிடம் வரவில்லை. பிழை நம்முடையது என உணரச் சில இரவுகள் ஆயின. ஆயிரம் ஆண்டுப் பழங்கதையில் எஞ்சியிருந்த குறையை ஒரு சிறுமி கண்டாள்; நாமோ அதனைக் குறும்பென்று கொண்டோம்.

இக்கதைகளிலும் ஒரு குறை உண்டு. கேள்விக்கு அடுத்த வரியிலேயே மன்னனின் விடை அச்சாகிவிடுகிறது. குழந்தை சிந்திக்க இடைவெளி இல்லை. இப்போது அந்த வரி வந்ததும் நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோம். மகள் தன் தீர்ப்பைச் சொன்ன பின்னரே மன்னனின் தீர்ப்பைத் திறக்கிறோம். இரண்டும் மாறுபடும்போதுதான் பேச்சு வளர்கிறது. அப்பேச்சில் அவளுக்குத் தமிழ்ச்சொல் போதாதபோது இந்தியும் ஆங்கிலமும் கலக்கின்றன. கலக்கட்டும், வேண்டிய சொல்லைத் தேடியே அவள் தமிழுக்குள் மேலும் ஒரு படி இறங்குகிறாள்.

மன்னன் விடையளிக்கும் ஒவ்வொரு முறையும் மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறுகிறது. கடைசிப் புதிருக்கோ அவனுக்கு விடை தெரியவில்லை. வாய்மூடி நடக்கும் அவனிடம் மனம் மகிழ்ந்தே, அவனைப் பலியிடக் காத்திருக்கும் துறவியின் சூழ்ச்சியை வேதாளம் வெளியிடுகிறது. எல்லாவற்றிற்கும் விடை சொன்னபோது கிட்டாத உதவி, விடையறியாது நின்றபோது கிட்டியது. இந்நுட்பம் பெற்றோராகிய நமக்கே சொல்லப்பட்டது போலும். பிள்ளை கேட்கும் கேள்விக்கு, "எனக்கும் தெரியவில்லை, கண்ணே, நீ என்ன நினைக்கிறாய்?" என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். அத்துணிவு வந்த வீட்டில், அயல்மொழி நகரத்திலும், தமிழ்க் கதை ஏட்டளவில் நின்றுவிடாது.